அழுத்தாத கை

எங்கள் வீட்டு அழைப்பு மணியில் எந்தக் கோளாறும் இல்லை. பால்காரர் அழுத்தினால் தெருமுனை வரை கேட்கும். டாக்டரம்மா வந்தால் மட்டும் கேட்காது. அவர் அதை அழுத்துவதே இல்லை. பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு நிற்பார். வைத்ததற்கு ஏதாவது பலன் இருக்கும் என்று கொஞ்ச நேரம் நம்புவார். பிறகு கையிலிருக்கும் நீலப் பெட்டியைத் தரையில் இறக்கிவிட்டு, யாராவது தற்செயலாகக் கதவைத் திறக்கும் வரை சுவரோரம் காத்திருப்பார்.

"அவங்க வந்து நிக்கறது நம்ம தெரு நாய்க்கு மட்டும்தான் தெரியுது. ஒரு சத்தம் குடுத்தா என்னவாம்?" என்பாள் என் மனைவி.

சத்தம் அவரிடம் இல்லாமல் இல்லை. எதிர்வீட்டில் இருந்த கிளினிக்கில் அவர் பேசினால் எங்கள் சமையலறையில் தாளிக்கிற சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். யாருக்கு எந்த மூட்டு வீங்கியிருக்கிறது என்பது தெருவுக்கே தெரிந்தது அப்படித்தான். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். விரலை மட்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கி வந்தவர் போலிருந்தார்.

அவர் மூட்டுவாத டாக்டர். சனிக்கிழமைதோறும் காலை ரயிலில் விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்து எங்கள் தெருவுக்கு வருவார். எதிர்வீட்டின் முன்பக்க அறைகளை வாடகைக்கு எடுத்திருந்தார். சாவி எங்களிடம் இருந்ததால்தான் அந்த மணிப் போராட்டம். நீலப் பெட்டிக்குள் லேப்டாப் அளவில் ஒரு ஸ்கேன் மெஷின் இருந்தது. வயிற்றிலிருக்கும் குழந்தையைப் பார்க்கும் அதே வகைதான். அவர் அதை விரல் முட்டியிலும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் வைத்துப் பார்த்தார். ஊருக்கு அது புதிது. "விரலுக்கு எதுக்குடா ஸ்கேனு? விரலு மாசமா இருக்குதா?" என்று பீங்கான் பொம்மை செய்யும் எங்கள் ஊர் செராமிக் கம்பெனிகளில் சிரித்தார்கள்.

நான் அப்போது ஒரு நாளிதழின் விருத்தாசலம் நிருபர். இதில் ஒரு செய்தி கிடைக்கும் என்று ஒரு சனிக்கிழமை போய் உட்கார்ந்தேன். முதல் கேள்வியாக அழைப்பு மணியைத்தான் கேட்டேன்.

"வாரம் பூரா அழுத்தாம புடிச்சே பழகின விரலு சார். வெளியில வந்ததும் அதுக்கு மட்டும் எப்படி வீரம் வரும்?" என்றார்.

பிறகு விளக்கினார். மூட்டுக்குள் அழற்சி இருந்தால் உள்ஜவ்வு தடிக்கும். அதில் நுண்ணிய ரத்த நாளங்கள் புதிதாக முளைக்கும். அந்த ரத்த ஓட்டம் திரையில் சிவப்புப் புள்ளிகளாக மின்னும். வெளியே வீக்கம் தெரியாத மூட்டில்கூடச் சில சமயம் அது தெரிந்துவிடும். ஆனால் கருவியைச் சற்றே அழுத்திவிட்டால் அந்த நாளங்கள் நசுங்கிவிடும், புள்ளிகள் மறைந்துவிடும், ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் அவர் விரலின் மேல் ஜெல்லைக் குவித்து, கருவியை அதன் மேல் மிதக்க விடுவார். தோலில் பட்டதா இல்லையா என்று பட்டவருக்கே தெரியாது.

"பாயசம் ஊத்தற மாதிரி ஊத்துறாங்க. தொடைச்சு தொடைச்சு என் கையிதான் போவுது," என்றாள் செல்வி.

செல்வி அவருடைய உதவியாளர். பெண்ணாடத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். கரும்பு போடுகிற குடும்பம். கட்டு தூக்கிய கை. மெஷினில் படத்தை நிறுத்த ஒரு பொத்தான் உண்டு. டாக்டரம்மா தொட்டால் தொட்டது மெஷினுக்குத் தெரியாது. ஆகவே அந்தப் பொத்தானுக்கான அதிகாரம் முழுவதும் செல்வியிடம் இருந்தது. "செல்வி, அமுக்கு," என்று குரல் வரும். அவள் அமுக்குகிற அமுக்கில் மேஜை ஆடும், மேஜையோடு நோயாளியின் கை ஆடும், படம் கலைந்துவிடும்.

"பொத்தான அமுக்கச் சொன்னேன். மேஜைய இல்லடி."

"உங்களுக்கும் எனக்கும் நடுவுல ஒரு ஆளு பொறந்திருக்கணும் மேடம்."

மருந்துச்சீட்டிலும் இதே கதைதான். பேனா காகிதத்தின் மேல் நடந்து போன தடம் இருக்கும், எழுத்து இருக்காது. எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்காரர் சீட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் படிப்பார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கிளினிக்குக்கே வந்துவிட்டார். "டாக்டரம்மா, இதுல என்ன எழுதியிருக்குதுன்னு உங்க பேனாவுக்காவது தெரியுமா?" அதற்குப் பிறகு டாக்டரம்மா சொல்லச் சொல்லச் செல்வி எழுதினாள். அந்த எழுத்து அடுத்த மூன்று தாள்களிலும் பதிந்திருக்கும்.

மார்க்கெட்டில் அவரை ஏமாற்றுவது எளிது. தக்காளியை அழுத்திப் பார்க்காமல் எடுக்கிறவர் அந்த மார்க்கெட்டில் அவர் ஒருவர்தான். தக்காளி விற்கிற அம்மாளுக்கே மனசு கேட்கவில்லை. "அமுக்கிப் பாத்து எடும்மா, உன்ன யாரு வேணாங்கறா?" என்று சொல்லியிருக்கிறாள். "பாவம், அதுக்கே வீங்கிப் போயிருக்குது," என்றாராம் டாக்டரம்மா. இதைக் கேட்ட பிறகு அவருக்கான காய்கறியை என் மனைவியே வாங்கி வைக்க ஆரம்பித்தாள்.

அவருக்கும் ஊருக்கும் நடந்த ஒரே சண்டை தண்ணீரால் வந்தது. செராமிக் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் கழுவாத கையோடு எங்கேயும் நுழையமாட்டார்கள். நகக்கண்ணில் வெள்ளை மண் இருக்கும். வீட்டுக்குள் போகும் முன், கோயிலுக்குள் போகும் முன், கல்யாணப் பந்தியில் உட்காரும் முன், எங்கே குழாய் இருந்தாலும் முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிடுவார்கள். டாக்டரைப் பார்க்கும்போது சும்மா விடுவார்களா? கிளினிக் வாசலில் ஒரு குழாய் இருந்தது. மார்கழி மாதத்திலும் வரிசையாக நின்று கழுவினார்கள். கை சில்லிட்டுப் போனால் ரத்த ஓட்டம் சுருங்கிவிடும். திரையில் தெரிய வேண்டியது தெரியாது. உள்ளேயிருந்து டாக்டரம்மா கத்துவார்.

"கழுவாதீங்க! மண்ணோட வாங்க!"

"பெஞ்சு பூரா வெள்ளையாவுது மேடம்," என்று செல்வி பதிலுக்குக் கத்துவாள். கழுவச் சொல்லி அனுப்புகிறவளே அவள்தான்.

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. கழுவிக்கொள்ளலாம், ஆனால் வெந்நீரில் கையை வைத்து எடுத்து, டவலில் சுற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். கம்பெனியில் பொம்மைகளை வைக்கோலில் சுற்றி அடுக்குகிற மாதிரி, கையைச் சுற்றிக்கொண்டு பெஞ்சு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். சூளையில் வேலை பார்க்கும் ஒருவர், "அங்க வெந்தது பத்தாதுன்னு இங்கயும் வேக வெக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார். டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் வெளியே ஒரு ஆட்டோ நின்று பார்த்துவிட்டுப் போனது.

எல்லோருக்கும் அவரைப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். நல்லூரிலிருந்து வந்த ஒரு விவசாயி, எழுந்து போகும்போது என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "வலிக்கிற எடத்துல நல்லா அமுக்கிப் பாக்கணுங்க. இந்தம்மா தொட்டதும் தெரியல, வுட்டதும் தெரியல. என்ன டாக்டரு?" டாக்டரம்மா முட்டியைக் கையால் தொட்டுப் பார்ப்பதும் உண்டுதான்; கட்டைவிரல் நகம் இலேசாக வெளுக்கிற வரைக்கும். அதற்கு மேல் போகமாட்டார்.

இன்னொரு குறை எனக்கே இருந்தது. இருப்பதை உரக்கச் சொல்வாரே தவிர, யாரையும் இரண்டாம் முறை வற்புறுத்தமாட்டார். இப்போதே மாத்திரை ஆரம்பித்தால் எலும்பு அரிக்காமல் காப்பாற்றலாம், யோசிச்சு சொல்லுங்க என்பார். "யோசிச்சு சொல்றோம்," என்பார்கள். "சரிங்க," என்று விட்டுவிடுவார். கைராசிக்காரர், பத்தியம், எண்ணெய் என்று சுற்றிவிட்டுச் சிலர் வெகுநாள் கழித்து வருவார்கள், விரல்கள் ஒருபக்கமாகச் சாய்ந்து போய். அந்த விரல்களைப் பார்க்கும்போது மட்டும் அந்தக் குரல் எங்கள் சமையலறைக்குக் கேட்காது.

"அன்னிக்கே ரெண்டு சத்தம் போட்டு மாத்திரைய கையில குடுத்திருந்தா என்ன மேடம்?" என்று செல்வி கேட்பாள்.

"சத்தத்துக்குப் பயந்து வாங்கிட்டுப் போவாங்க. முழுங்கறது அவங்கதானே?"

இது செல்விக்குச் சமாதானமாகவில்லை. எனக்கும் ஆகவில்லை.

கொஞ்ச காலத்துக்குப் பிறகு அவர் வருவது நின்றது. கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். முகம் எனக்கு இப்போது அவ்வளவு தெளிவாக நினைவில்லை. ஒரு சனிக்கிழமை மட்டும் அப்படியே இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஆரோக்கியமும் அவன் மனைவி ஸ்டெல்லாவும் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே செராமிக் கம்பெனியில் வேலை. அவன் கையால் சுற்றும் பிரஸ்ஸில் மண் தூளைப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றி அழுத்தி, கரண்டு ஃபியூஸுக்கான பீங்கான் கட்டைகள் செய்வான்; சூளைக்குப் பொம்மை அடுக்கவும் போவான். அவள் அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரப் பிசிறைச் சீவுவாள். கொஞ்ச நாளாக அவளுக்குக் காலையில் எழுந்தால் கை மடங்கவில்லை. துணி பிழிய முடியவில்லை, குழந்தைக்குப் பொத்தான் போட முடியவில்லை. மத்தியானம் ஆனால் சரியாகிவிடும். பார்வைக்கு விரலில் எதுவும் தெரியாது. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எதிலும் பிடிபடவில்லை. வெளியூரில் எடுத்த ஒரு ஸ்கேனும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது.

ஆரோக்கியத்தின் அம்மா தெருக்குழாயடியில் இதைத் தீர்ப்பாகவே படித்துவிட்டார். "காலையில வேலை இருக்கறப்ப மட்டும் கை மடங்காதாம். மத்தியானம் சோறு திங்கறப்ப நல்லா மடங்குதாம். எங்க காலத்துல இப்படி ஒரு நோவு கேள்விப்பட்டதில்ல."

அந்தச் சனிக்கிழமை என் மணிக்கட்டு வலிக்காக நானும் கிளினிக்குக்கு வந்திருந்தேன். ஆரோக்கியம் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு என்னைத் தனியே அழைத்தான்.

"அண்ணே, இவ தொல்லை தாங்காம கூட்டியாந்தேன். இன்னிக்கும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கன்னா, நேரா கம்மாபுரம் போய் அவங்க அம்மா வூட்டுல வுட்டுட்டு வந்துருவேன். நடிக்கறத அங்க போய் நடிக்கட்டும். பசங்கள எங்கம்மா பாத்துக்கும்."

ஸ்டெல்லா கேட்கும் தூரத்தில்தான் நின்றாள். கையைச் சுற்றிய டவலைப் பிரித்துப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

என்னையும் அவர்கள் இருவரையும் ஒன்றாகத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா முதலில் என் மணிக்கட்டைப் பார்த்து முடித்தார். "உங்க கையில ஒண்ணுமில்ல சார். நாற்காலிய மாத்துங்க," என்று தெருவுக்கே அறிவித்தார். நான் எழுந்தேன்.

"நீங்க இருங்கண்ணே," என்றாள் ஸ்டெல்லா. "என்னா சொல்றாங்கன்னு நீங்களும் கேளுங்க. நாளைக்கு நான் சொன்னா யாரும் நம்பமாட்டாங்க."

டாக்டரம்மா அவள் வலது கையை ஒரு சிறு தலையணை மேல் வைத்தார். ஆள்காட்டி விரல் முட்டியில் ஜெல்லைக் குவித்தார். கருவி அதன் மேல் வந்து நின்றது. திரையில் எலும்பின் ஓரம் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அதற்கு மேல் தடித்த சாம்பல் நிறம். அவர் கலரைப் போடச் சொன்னார், செல்வி அமுக்கினாள். சாம்பலுக்குள் சிவப்புப் புள்ளிகள் மினுக்கின.

"இருக்குது," என்றார் டாக்டரம்மா.

ஆரோக்கியம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "அது கலருங்க. கலர் டிவி மாதிரி. எங்க வெச்சாலும் வரும்."

"உங்க கைய குடுங்க."

அவன் முட்டியில் வைத்துப் பார்த்தார். கறுப்பும் வெள்ளையும்தான்.

"எனக்கு ஏன் வரல?"

"உங்களுக்கு இல்ல, அதான் வரல."

அவன் யோசித்தான். "அவ கையில வெக்கறப்ப நீங்க ஆட்டறீங்க. ஆட்டினா வரும்."

"மேடமா? மேடம் ஆட்டறாங்களா?" என்று செல்வி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. "இரு இரு. சரியாத்தான் கேக்குறாரு. ஆட்டினாலும் கலரு வரத்தான் செய்யும்." கருவியை அவனிடம் நீட்டினார். "இந்தாங்க, நீங்களே புடிங்க."

அந்தக் கருவியைத் துடைக்கக்கூடச் செல்வியிடம் அவர் கொடுத்ததில்லை. செல்வி வாயைத் திறந்தபடி உட்கார்ந்தாள். ஆரோக்கியம் உள்ளங்கையை பேண்டில் தேய்த்துவிட்டு வாங்கினான். மனைவியின் முட்டி மேல் வைத்தான். அவனுக்குத் தெரிந்த விதத்தில்தான் வைத்தான். அவன் வேலையில் அழுத்தம் குறைந்தால் கட்டை சூளையில் வெடித்துவிடும். தோளிலிருந்து கனம் இறங்கி விரலுக்கு வந்தது. ஸ்டெல்லா உதட்டைக் கடித்தாள். திரையில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்தது. சிவப்பு ஒரு புள்ளிகூட இல்லை.

"பாத்தீங்களா? இல்ல." என் பக்கம் திரும்பினான். "அண்ணே, பாத்தீங்கல்ல?"

பார்த்தேன். இல்லைதான்.

டாக்டரம்மா இப்போது கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து, பக்கத்தில் இருந்த எனக்கே சிரமப்பட்டுக் கேட்கிற குரலில் சொன்னார்.

"கைய எடுக்காதீங்க. கனத்த மட்டும் எடுங்க."

"கனத்தையா?"

"சூளைக்கு அடுக்கறப்ப, வேகாத பொம்மைய எப்படி தூக்குவீங்க?"

"வெரலு படாமத்தான். பட்டா ஒடஞ்சுரும்."

"அப்படி."

அவன் மூச்சை விட்டான். தோள் இறங்கியது, முழங்கை இலேசாக உயர்ந்தது. திரையில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு நாடித்துடிப்புக்குத் தகுந்தபடி ஒரு கொத்தாக விட்டு விட்டு மின்ன ஆரம்பித்தது. அவன் சட்டென்று அழுத்தினான், போய்விட்டது. விட்டான்; வந்தது. மறுபடி அழுத்தினான், விட்டான். புதிதாகக் கரண்டு வந்த வீட்டில் சுவிட்சைப் போட்டு அணைத்துப் பார்க்கிறவனைப் போலிருந்தான். செல்வியின் விரல் நிறுத்தும் பொத்தானின் மேல் தயாராக இருந்தது. டாக்டரம்மா வேண்டாம் என்று தலையசைத்தார்.

"எங்க போவுது?" என்று கேட்டான்.

"எங்கயும் போவல. நீங்க அமுக்கறப்ப ரத்தம் நின்னு போவுது. அவ்வளவுதான்."

"அப்ப அந்த ஸ்கேன்ல..."

"அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. கை கொஞ்சம் கனமா இருந்திருக்கும். இல்ல, இவங்க பச்சத்தண்ணியில கழுவிட்டுப் போயிருப்பாங்க."

"கழுவிட்டுத்தான் போனேன்," என்றாள் ஸ்டெல்லா.

அவன் கருவியை அப்படியே மிதக்க விட்டுக்கொண்டு திரையைப் பார்த்திருந்தான். "இது எப்பலேர்ந்துங்க டாக்டரம்மா?"

"அது மெஷினுக்குத் தெரியாது," என்றார் அவர். பிறகு ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பினார்.

ஆரோக்கியத்துக்குத் திரும்பிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

"எப்பலேர்ந்து?" என்று ஸ்டெல்லாவைக் கேட்டான்.

"போன கிறிஸ்துமஸுக்கு முறுக்கு புழிஞ்சோமே, அப்பலேர்ந்து. ரெண்டு சுத்துக்கு மேல என் கை அமுக்க வரல. உங்கம்மா அச்ச புடுங்கி அவங்களே புழிஞ்சாங்க. நீங்க டிவி பாத்துக்கினே, முறுக்கு சின்னதா இருக்குதுன்னீங்க."

"சின்னதாத்தான் இருந்துச்சு," என்றான், தரையைப் பார்த்து.

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டெல்லாவுக்கு வரவில்லை.

டாக்டரம்மா கருவியை வாங்கிக்கொண்டு, என்ன மாத்திரை, எத்தனை மாதம் கழித்துப் பலன் தெரியும், இடையிடையே ரத்தப் பரிசோதனை எதற்கு என்றெல்லாம் தன் பழைய குரலில் சொன்னார். வழக்கம்போல அந்த வார்த்தையில் கொண்டுபோய் முடித்தார். "யோசிச்சு சொல்லுங்க."

செல்வி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"என்னாத்த யோசிக்கறது, எழுதுங்க," என்றாள் ஸ்டெல்லா. கணவனின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

அவன் இதற்குள் ஜன்னல் பக்கம் போய் அம்மாவுக்கு போன் போட்டிருந்தான். "அம்மா, கம்மாபுரம் போவல. வூட்டுக்குத்தான் வரோம்... இருக்குதும்மா. உள்ள இருக்குது... அவ சொல்லலம்மா. டாக்டரும் சொல்லல. நானே புடிச்சுப் பாத்தேன். நானே!"

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். படிப்பு, பழக்கம், வாரம் பூரா பிடித்த விரல் எல்லாவற்றின் பெருமையையும் ஒருவன் ஒரு போனில் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, போனில் இருப்பவருக்கு நேரடியாகவே கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"ஆமாம்மா, உங்க புள்ளதான் பாத்தாரு! சரியா புடிச்சாரு!"

நான் பொறுக்கமாட்டாமல் ஸ்டெல்லாவிடம் குனிந்தேன். "இவ்வளவு நாளா நீ சொன்னதுதாம்மா அது."

அவள் விரல்களின் நடுவே இருந்த ஜெல்லை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு பாத்தா என்னண்ணே. நான் எம் புள்ளைங்ககிட்ட போறேன்ல."